மார்ஷல் ழீல் த ரே மீதான வழக்கு

இடைக்கால ஐரோப்பாவில் பெருநிலப் பிரபுக்கள் தலை வெட்டப்பட்டதும் தூக்கிலிடப்பட்டதும் புதிய செய்தி அல்ல என்றாலும், அத்தண்டனைகளில் பெரும்பாலானவை அரசத் துரோகத்துக்காகவோ, உட்பகைப் போர்களில் தோற்ற தரப்பில் நின்றதற்காகவோ விதிக்கப்பட்டவை. ஏழைக் குடியானவர்களும் கைவினைஞர்களும் பெற்ற பிள்ளைகளைக் கொன்றார் என்ற குற்றத்துக்காக ஒரு பெரும்பிரபு தூக்குமரம் ஏறியது மிக அரிது. அந்த அரிய நிகழ்வு 1440ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள், லுவார் நதிக்கரையில் உள்ள நாந்த் நகரில் நடந்தது. தண்டிக்கப்பட்டவர் ழீல் த ரே. பிரெஞ்சு அரசின் மார்ஷல், அதாவது அரசப் படையின் மிக உயர்ந்த பதவிகளில் ஒன்றை வகித்தவர். ஜோன் ஆஃப் ஆர்க்குடன் தோளோடு தோள் நின்று ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டவர். அவர் மீதான வழக்கின் பதிவுகள், திருச்சபை நீதிமன்றத்தில் லத்தீன் மொழியிலும் உலகியல் நீதிமன்றத்தில் பிரெஞ்சு மொழியிலும் எழுதப்பட்டவை, ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகள் கடந்தும் அழியாமல் இருப்பதால், இடைக்கால நீதி எவ்வாறு இயங்கியது, யாருக்காக இயங்கியது என்பதை நாள் வாரியாகப் பின்தொடர முடிகிறது.

ழீல் 1405ஆம் ஆண்டையொட்டி, ஆன்ழூ பகுதியிலிருந்த ஷாந்தொசே கோட்டையில் பிறந்தார். லவால், கிரான், ரே ஆகிய மூன்று பெருங்குடும்பங்களின் சொத்துகள் அவர் ஒருவரிடம் வந்து சேர்ந்தன. சிறுவயதிலேயே தாய் தந்தையை இழந்த அவரையும் தம்பி ரெனேயையும் வளர்த்தவர் தாய்வழிப் பாட்டனார் ழான் த கிரான். நிலம் சேர்ப்பதையே வாழ்க்கையின் நோக்கமாகக் கொண்டிருந்த அந்த முதியவர், சட்டத்தைத் தமக்கு மேலான ஒன்றாக மதித்தவர் அல்லர். பேரனுக்கு மணமகள் தேடியபோதும் பெண்ணைவிடப் பெண்ணோடு வரும் நிலமே அவர் கண்ணில் பட்டது. 1420இல் காத்ரீன் த துவார் என்னும் பணக்கார வாரிசை, நெருங்கிய உறவு என்பதால் திருச்சபைச் சட்டம் தடுத்தும் பொருட்படுத்தாமல், கடத்தி வந்தே பேரனுக்கு மணமுடித்தார். திருச்சபை பின்னர் அத்திருமணத்தை ஒப்புக்கொண்டது. வலிமை உள்ளவன் எடுத்துக்கொள்வான், சட்டம் பிறகு வந்து சேரும் என்ற பாடத்தை இளம் பிரபு வீட்டிலேயே கற்றார் என்று கொள்வதில் தவறில்லை.

அக்காலத்தில் பிரான்சும் இங்கிலாந்தும் நூற்றாண்டுப் போர் என்று பின்னாளில் பெயர்பெற்ற நெடும்போரில் சிக்கியிருந்தன. முடிசூடாமலேயே ஆட்சி நடத்திய ஏழாம் சார்லஸின் அவையில் அப்போது செல்வாக்குடன் விளங்கிய ழார்ழ் த லா திரெமோய், ழீலுக்கு உறவினர். அந்த ஆதரவோடு அரசப் படையில் உயர்ந்த ழீல், 1429இல் ஓர்லேயான் முற்றுகையை உடைத்த படையில் ஜோன் ஆஃப் ஆர்க்குடன் சென்றார். அதே ஆண்டு ஜூலை 17ஆம் நாள் ரேன்ஸ் நகரப் பேராலயத்தில் சார்லஸ் முடிசூடியபோது, மன்னரை அருள்பொழிவு செய்வதற்கான புனித எண்ணெய்க் குப்பியை மடத்திலிருந்து பேராலயத்துக்குக் கொண்டுவரும் பெருமை பெற்ற நான்கு பிரபுக்களில் அவரும் ஒருவர். அன்றே அவர் மார்ஷல் ஆனார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டியிருக்க வாய்ப்பில்லை. அடுத்த சில மாதங்களில், அரச குலத்துக்கே உரிய லில்லி மலர்ச் சின்னத்தைத் தம் குலச் சின்னத்தின் விளிம்பில் பொறித்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கு வழங்கப்பட்டது.

வீழ்ச்சி பணத்தில் தொடங்கியது. 1432இல் பாட்டனார் இறந்தார். 1433இல் லா திரெமோய் அவையிலிருந்து வீழ்த்தப்பட்டார். கண்டிக்க வீட்டில் ஒருவரும் காக்க அவையில் ஒருவரும் இல்லாத நிலையில், மார்ஷல் தம் செல்வத்தைச் செலவழித்த வேகம் சமகாலத்தவரையே திகைக்க வைத்தது. மாஷ்கூலில் புனித மாசில்லாக் குழந்தைகளின் பெயரால் அவர் நிறுவிய வழிபாட்டுக் கூடத்தில் குருக்களும் பாடகர் குழுவும் விலையுயர்ந்த செந்நிற ஆடைகளுடன் பணியாற்றினர். அவர் எங்கு பயணம் செய்தாலும் அக்குழு உடன் சென்றது, ஆறு ஆட்கள் சுமக்கும் ஆர்கன் இசைக்கருவியும் உடன் சென்றது. ஓர்லேயான் முற்றுகையைச் சித்திரிக்கும் பிரம்மாண்டமான நாடகத்துக்கு அவர் அள்ளி இறைத்த பணத்தைக் குறித்துக் குடும்பத்தார் பல ஆண்டுகள் கழித்தும் புலம்பினர். ஏரோது மன்னன் கொன்ற குழந்தைகளின் நினைவாக ஆலயம் எழுப்பியவரே பின்னர் குழந்தைக் கொலைக் குற்றம் சுமத்தப்பட்டார் என்பதைப் பற்றி உளவியல் விளக்கங்கள் நிறைய எழுதப்பட்டுள்ளன. ஆனால் அந்தப் பெயர் அக்காலத்தில் வழக்கமாகச் சூட்டப்பட்டு வந்த ஒன்று என்பதால், அதிலிருந்து அதிகம் பிழிந்தெடுக்க வேண்டியதில்லை.

பணத்துக்காக ழீல் கோட்டைகளையும் ஊர்களையும் ஒவ்வொன்றாக விற்கத் தொடங்கியபோது, குடும்பச் சொத்து கரைவதைக் கண்டு அஞ்சிய உறவினர் மன்னரிடம் முறையிட்டனர். 1435 ஜூலையில் மன்னர், ழீல் இனி நிலம் விற்கக் கூடாது, அவரிடம் எவரும் வாங்கவும் கூடாது என்று ஆணை பிறப்பித்தார். ஆனால் அவருடைய நிலங்களில் பெரும்பகுதி பிரெத்தாஞ் என்னும் தனிக் கோமகவு நாட்டில், அதாவது பிரெஞ்சு மன்னருக்குப் பெயரளவில் அடங்கி உண்மையில் தன் கோமகனால் ஆளப்பட்ட நிலப்பரப்பில் இருந்தன. அங்கே கோமகனாக இருந்த ஐந்தாம் ழான் அந்த ஆணையைத் தம் நாட்டில் அறிவிக்க மறுத்தார். காரணம் வெளிப்படையானது: மலிவாக விற்கப்பட்ட அந்த நிலங்களை வாங்கியவர்களில் கோமகனும் ஒருவர், அவருடைய வேந்தவை முதல்வரும் நாந்த் மறைமாவட்டத்தின் ஆயருமான ழான் த மாலெத்ருவாவும் ஒருவர். பிற்காலத்தில் ழீலின் வழக்கை விசாரித்த தலைமை நீதிபதி இந்த ஆயரே என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

கையில் பணம் வற்றிய நிலையில் மார்ஷல் ரசவாதத்தை நாடினார். இழிந்த உலோகத்தைப் பொன்னாக்க முயலும் இக்கலையை அன்றைய அரசவைகளே ஆர்வத்துடன் ஆதரித்தன என்பதால், அதில் ஈடுபடுவது மட்டுமே பெருங்குற்றமாகக் கருதப்படவில்லை. ஆனால் அதற்காகப் பேய்களை வரவழைத்து உடன்படிக்கை செய்ய முயல்வது திருச்சபையின் பார்வையில் தப்பறை, அதாவது உண்மை மறையிலிருந்து பிறழ்ந்த கொடுங்குற்றம். 1439இல், யூஸ்தாஷ் பிளான்ஷே என்னும் குருவானவர் இத்தாலியிலிருந்து அழைத்துவந்த பிரான்செஸ்கோ பிரெலாத்தி என்ற இளைஞர் திஃபோழ் கோட்டையில் வட்டங்கள் வரைந்து, மந்திரங்கள் ஓதி, பாரோன் என்று பெயர் சொல்லப்பட்ட பேயை அழைத்தார். பேய் பிரெலாத்தி தனியாக இருந்தபோதெல்லாம் வந்ததாம், மார்ஷல் உடனிருந்தபோது ஒருமுறைகூட வரவில்லையாம். பிரெலாத்தியின் திறமை எத்துறையைச் சார்ந்தது என்பதை வாசகர் எளிதில் ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்கிடையே கோட்டைகளைச் சுற்றியிருந்த ஊர்களில் சிறுவர்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தனர். பின்னாளில் நீதிமன்றத்தில் பதிவான சாட்சியங்களில் மிகப் பழைய நிகழ்வுகள் 1432ஆம் ஆண்டையொட்டியவை. மென்மயிர்த் தோல் பதனிடும் கியோம் இலேரே என்பவரிடம் தொழில் பழகிவந்த ழான் ழூதோன் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனை, மாஷ்கூல் கோட்டைக்கு ஒரு செய்தி கொண்டுபோக வேண்டும் என்று கேட்டு அழைத்துச் சென்றவர்கள் மார்ஷலின் உறவினர்களான ழீல் த சியேயும் ரோஜே த பிரிக்வில்லும். சிறுவன் திரும்பவில்லை, தேடிச் சென்று கேட்டபோது, திஃபோழ் பக்கம் அனுப்பியதாகவும், வழியில் யாரோ ஏவலனாக வைத்துக்கொள்ளப் பிடித்துச் சென்றிருக்கலாம் என்றும் பதில் கிடைத்தது. வேறு சிலரிடம், ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டிருந்த சியே குடும்பத்தவர் ஒருவரை மீட்பதற்கு ஈடாகச் சிறுவர்கள் கேட்கப்பட்டார்கள் என்ற கதை சொல்லப்பட்டது. பிச்சை கேட்டுக் கோட்டை வாயிலுக்குச் சென்ற பிள்ளைகள், ஆடு மேய்க்கச் சென்ற பிள்ளைகள், பாட்டுக் குழுவில் சேர்த்துக்கொள்வதாகவோ ஏவலனாக வேலை தருவதாகவோ சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட பிள்ளைகள் என்று சாட்சியங்கள் நீள்கின்றன. தாம் மாஷ்கூலிலிருந்து வருவதாக வெளியூரில் சொன்னபோது, அங்கே சிறுபிள்ளைகளைத் தின்கிறார்களாமே என்று பிறர் வியந்ததாக ஒரு சாட்சி கூறினார். பிரபுவின் ஆட்கள் சிறையில் தள்ளுவார்கள் என்ற அச்சத்தால் எவரும் வாய் திறக்கத் துணியவில்லை என்பதையும் அவரே பதிவுசெய்தார்.

வெளியூர்வரை பரவியிருந்த இந்தப் பேச்சு நாந்த் நகரிலிருந்த ஆயரின் காதில் விழவில்லை என்று நம்புவது கடினம். எட்டு ஆண்டுகளாக எந்த நீதிமன்றமும் அசையவில்லை. அசைத்தது வேறொரு நிகழ்வு. 1440 மே மாதம், தூய ஆவியார் பெருவிழா நாளில், ழீல் ஆயுதம் தாங்கிய ஆட்களுடன் சேன்-எத்தியேன்-த-மேர்-மோர்த் ஊர் ஆலயத்துக்குள் புகுந்து, அங்கிருந்த ழான் ல ஃபெரோன் என்பவரை இழுத்துச் சென்று சிறைவைத்தார். அந்த ஊரின் கோட்டையை அவரிடமிருந்து வாங்கியிருந்தவர், கோமகனின் கருவூல அதிகாரி ழோஃப்ருவா ல ஃபெரோன். பிடிபட்டவர் அவருடைய தம்பி, அதோடு திருச்சபையின் திருப்பணியாளர் நிலையில் இருந்தவர். ஒரே செயலில் ழீல் இரண்டு வல்லமைகளை அவமதித்துவிட்டார்: ஆலயத்தின் புனிதத்தைக் குலைத்ததால் ஆயரும், கோமகனின் அதிகாரியைத் தாக்கியதால் கோமகனும் அவருக்கு எதிரே நிற்க நேர்ந்தது. கோமகன் ஐம்பதாயிரம் எக்கூ, அதாவது அந்நாளைய பொற்காசு, அபராதம் விதித்தார். சிறைப்பட்டவரை ழீல், கோமகனின் எல்லைக்கு வெளியே பிரெஞ்சு மன்னரின் நிலத்திலிருந்த திஃபோழுக்குக் கொண்டுபோனார். ஆனால் மன்னர் படையின் தலைமைத் தளபதியான ஆர்தர் த ரிஷ்மோன் கோமகனின் உடன்பிறந்த தம்பியாக இருந்ததால், அந்தப் பாதுகாப்பும் நிலைக்கவில்லை. அவரே திஃபோழைக் கைப்பற்றி ஃபெரோனை விடுவித்தார்.

ஆயர் மாலெத்ருவா அந்த இடைவேளையில் தம் மறைமாவட்டத்தின் ஊர்களில் கமுக்கமாக விசாரணை நடத்தி, ஜூலை 29ஆம் நாள் தம் முடிவுகளை மடலாக வெளியிட்டார். அதில் காணாமல் போன பிள்ளைகளின் பெற்றோர் முதன்முறையாகப் பெயருடன் தோன்றுகின்றனர். செப்டம்பர் 15ஆம் நாள் கோமகனின் படைத்தலைவன் ழான் லபேயும் ஆயரின் பதிவாளர் ஒருவரும் மாஷ்கூல் கோட்டை வாயிலுக்கு வந்தபோது, ழீல் போரிடாமல் சரணடைந்தார். பிரெலாத்தி, பிளான்ஷே, ஏவலர்களான ஆன்ரியே, புவாத்து ஆகியோரும் பிடிபட்டனர். சியேயும் பிரிக்வில்லும் காற்று எப்பக்கம் வீசுகிறது என்பதை முன்பே உணர்ந்து தப்பியோடியிருந்தனர்.

இங்கே அக்கால நீதிமுறையைச் சற்று விளக்க வேண்டும். ஒரே மனிதர் மீது இரண்டு நீதிமன்றங்கள் ஒரே நேரத்தில் வழக்கு நடத்தின. தப்பறை, பேயை அழைத்தல், இயற்கைக்கு மாறான பாவம் என்று அன்று பெயரிடப்பட்ட பாலியல் குற்றம், ஆலயப் புனிதத்தைக் குலைத்தல் ஆகியவை திருச்சபை நீதிமன்றத்துக்கு உரியவை. அங்கே ஆயருடன் இன்குவிசிஷன் எனப்படும் சமய விசாரணை மன்றத்தின் பதிலாளாக டொமினிக்கன் துறவி ழான் புளுவான் அமர்ந்தார். கொலையும் கோமகனுக்கு எதிரான கலகமும் உலகியல் நீதிமன்றத்துக்கு உரியவை. அதன் தலைவர் பியேர் த லோபித்தால். குருதி சிந்தும் தண்டனையைத் திருச்சபை நேரடியாக விதிப்பதில்லை. குற்றவாளி என்று தீர்த்து உலகியல் கையில் ஒப்படைப்பதே அதன் முறை. குற்றத்தை முழுமையாக மெய்ப்பிக்க இரண்டு நேர்க்கண் சாட்சிகளோ, குற்றவாளியின் வாக்குமூலமோ வேண்டும். பலரும் பேசிக்கொள்ளும் பழிச்சொல் விசாரணையைத் தொடங்கப் போதுமானது, தீர்ப்பளிக்கப் போதாது. இவ்விரண்டுக்கும் இடையே, வலுவான ஐயம் இருந்தும் முழுச் சான்று இல்லாத நிலையில்தான் சித்திரவதைக்குச் சட்டம் இடம் கொடுத்தது. பிள்ளைகள் கோட்டைக்குள் போனதைக் கண்டவர்கள் பலர், உள்ளே நடந்ததைக் கண்ட பெற்றோர் ஒருவரும் இல்லை என்பதால், வழக்கு முழுவதும் வாக்குமூலத்தை நோக்கியே நகர வேண்டியிருந்தது.

செப்டம்பர் 19ஆம் நாள் முதன்முறையாக மன்றத்தில் நிறுத்தப்பட்ட ழீலிடம் தப்பறைக் குற்றம் மட்டுமே சொல்லப்பட்டது. அதைத் தம்மால் எளிதில் மறுத்துவிட முடியும் என்று எண்ணிய அவர், ஆயரும் இன்குவிசிஷன் பதிலாளும் தம்மை விசாரிக்க இசைந்தார். நீதிபதிகளின் தரப்பில் இது தேர்ந்த சட்ட உத்தி என்றே சொல்ல வேண்டும். நீதிபதிகளின் அதிகாரத்தை ஒருமுறை ஏற்றுக்கொண்ட பின், அக்டோபர் 8ஆம் நாள் மற்றக் குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டபோது அவர் மேல்முறையீடு கோரியது வீண்முறையீடு என்று தள்ளப்பட்டது. அக்டோபர் 13ஆம் நாள் அரசு வழக்குரைஞருக்கு ஒப்பான பதவியிலிருந்த கியோம் ஷாபெயோன் 49 பிரிவுகள் கொண்ட குற்றப்பத்திரிகையை வாசித்தார். அதன்படி மார்ஷல் பதினான்கு ஆண்டுகளாக நூற்று நாற்பதோ அதற்கு மேலுமோ சிறுவர் சிறுமியரைக் கொன்றிருந்தார். பெரும் சினம் கொண்ட ழீல், தம் முன் அமர்ந்திருந்தவர்கள் திருப்பதவிகளை விலைக்கு வாங்கியவர்கள், ஒழுக்கம் கெட்டவர்கள் என்று வசைபாடி, அத்தகையோருக்குப் பதில் சொல்வதைவிடக் கழுத்தில் கயிற்றை ஏற்பது மேல் என்றார். அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்து, அதாவது திருவருட்சாதனங்களிலிருந்தும் நம்பிக்கையாளர் கூட்டத்திலிருந்தும் துண்டித்து, மன்றம் ஆணையிட்டது.

இரண்டு நாட்களில் காட்சி அடியோடு மாறியது. அக்டோபர் 15ஆம் நாள் அதே மனிதர் மண்டியிட்டு, கண்ணீர் விட்டு, நீதிபதிகளிடம் மன்னிப்புக் கேட்டார், விலக்கு நீக்கப்பட்டது. அடியோடு மாறிய இந்த மனநிலையை இக்காலத்தவர் நடிப்பு என்றோ, மறைவான பேரம் என்றோ விளக்க விரும்புகின்றனர். ஆனால் விலையுயர்ந்த வழிபாட்டுக் கூடம் அமைத்து, பேயுடன் உடன்படிக்கை செய்ய முயன்றபோதும் தம் உயிரையும் ஆன்மாவையும் மட்டும் தரமாட்டேன் என்று எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒருவருக்கு, மரணத்தைவிட நரகம் மெய்யான அச்சமாக இருந்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது. அப்போதும்கூட அவர் பேயை அழைத்ததை மறுத்தார். அது மெய்ப்பிக்கப்பட்டால் தீயில் இடப்படத் தயார் என்றார். அதன் பின் பிரெலாத்தி, பிளான்ஷே, ஆன்ரியே, புவாத்து ஆகியோரின் வாக்குமூலங்கள் வாசிக்கப்பட்டன. ஏவலர் இருவரும் பிள்ளைகள் எவ்வாறு கொண்டுவரப்பட்டனர், எவ்வாறு பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டனர், உடல்கள் எவ்வாறு எரிக்கப்பட்டன என்பதை விரிவாகச் சொன்னார்கள். ஷாந்தொசே கோட்டை கைமாறும் முன் அங்கிருந்த எலும்புகளைப் பெட்டிகளில் அகற்றியதையும் சொன்னார்கள். அவ்விவரங்களை இங்கே திரும்ப எழுதுவதால் எவருக்கும் பயனில்லை.

அக்டோபர் 20ஆம் நாள் சித்திரவதைக்கு ஆணை பிறந்தது. மறுநாள் அதற்கான ஏற்பாடுகள் முடிந்த நிலையில், ழீல் சிறிது காலம் கேட்டு, தாமே பேசுவதாக வாக்களித்து, அன்று மாலை தம் சிறையறையில் லோபித்தாலின் முன்னிலையிலும் சேன்-பிரியே ஆயரின் முன்னிலையிலும் கொலைகளை ஒப்புக்கொண்டார். யார் தூண்டுதலால் செய்தார் என்று லோபித்தால் மீண்டும் மீண்டும் துருவியபோது, தம் சொந்தக் கற்பனையைத் தவிர வேறு காரணம் இல்லை என்றும், பத்தாயிரம் பேரைச் சாகடிக்கப் போதுமானதை ஏற்கெனவே சொல்லிவிட்டதாகவும் சலிப்புடன் விடையளித்தார். அங்கே அழைத்துவரப்பட்ட பிரெலாத்தியிடம், இனி விண்ணுலகில் சந்திப்போம் என்று அழுது விடைபெற்றார். மறுநாள், திறந்த மன்றத்தில், மக்கள் அனைவருக்கும் புரியும்படி தம் வாக்குமூலத்தைப் பிரெஞ்சு மொழியிலேயே பதிவு செய்யுமாறு கேட்டு, அனைத்தையும் மீண்டும் சொன்னார். இளமையில் கட்டுப்பாடின்றி வளர்க்கப்பட்டதே தம் அழிவுக்குக் காரணம் என்றும், பிள்ளைகளைக் கண்டித்து வளருங்கள் என்றும் கூடியிருந்த பெற்றோருக்கு அறிவுரை கூறினார். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் கேட்டுக்கொண்டிருந்த மன்றத்தில் இவ்வறிவுரை எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதைப் பதிவாளர் எழுதவில்லை.

அக்டோபர் 25ஆம் நாள் திருச்சபை நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளை வாசித்தது. ஒன்று தப்பறைக்கும் பேயை அழைத்ததற்கும், மற்றொன்று பாலியல் குற்றத்துக்கும் ஆலயப் புனிதம் குலைத்ததற்கும். கொலை உலகியல் மன்றத்தின் பங்கு. அதே நாளில் லோபித்தாலின் மன்றம், தூக்கிலிட்டு எரிக்கும்படி தீர்ப்பளித்தது. கோமகனுக்குச் சேர வேண்டிய ஐம்பதாயிரம் எக்கூவை மார்ஷலின் சொத்திலிருந்து பெற வேண்டும் என்பதையும் எழுத மறக்கவில்லை. ழீல் மூன்று வேண்டுகோள்கள் வைத்தார். தாம் தப்பித்துவிடுவதாக ஏவலர்கள் நினைக்காதபடி தம்மை முதலில் தூக்கிலிட வேண்டும். தம் உடல் முழுதும் எரியும் முன் எடுத்து நாந்த் நகரக் கார்மேல் சபை ஆலயத்தில் அடக்கம் செய்ய வேண்டும். ஆயரும் மக்களும் தமக்காக மன்றாடிப் பவனியாக வர வேண்டும். மூன்றும் ஏற்கப்பட்டன. மறுநாள் காலை, நகர மக்கள் பெருந்திரளாகப் பவனி செல்ல, ஆற்றுக்கு அப்பாலிருந்த பியேஸ் புல்வெளியில் தண்டனை நிறைவேறியது. ஆன்ரியேயும் புவாத்துவும் சாம்பலாகும்வரை எரிக்கப்பட்டனர். எசமானரின் உடல் தீயிலிருந்து எடுக்கப்பட்டு உயர்குடிப் பெண்களால் அடக்கத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. தண்டனையிலும் குலத்துக்கேற்ற வேறுபாடு இருந்தது.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். வாழ்நாள் சிறைத்தண்டனை பெற்ற பிரெலாத்தி தப்பி, ஆன்ழூ கோமகனிடம் ரசவாதியாகச் சேர்ந்து, வேறு குற்றங்களுக்காக 1446இல் தூக்கிலிடப்பட்டார். சிறுவன் ழூதோனை அழைத்துச் சென்றவர்களில் ஒருவரான பிரிக்வில்லுக்கு அதே ஆண்டில் அரச மன்னிப்பு கிடைத்தது. ழீலின் மகள் மாரி தந்தை இறந்த இடத்தருகே நிறுவிய நினைவுச்சின்னத்தில், பிள்ளைக்குப் பால் சுரக்க வேண்டும் என்று தாய்மார்கள் வந்து வேண்டுவது காலப்போக்கில் வழக்கமாயிற்று. மனைவியரைக் கொல்லும் நீலத்தாடிக்காரன் கதையை ஷார்ல் பெரோ 1697இல் வெளியிட்டபின், மேற்குப் பிரான்சின் நாட்டார் வழக்கு அக்கதையின் நாயகனை ழீலுடன் இணைத்துவிட்டது. ழீலுக்கு இருந்தது ஒரே மனைவி, அவரும் கணவருக்குப் பின் வாழ்ந்தார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர் சாலமோன் ரைனாக், ழீல் குற்றமற்றவர், நில ஆசை கொண்ட கோமகனும் ஆயரும் சேர்ந்து அவரைப் பலியிட்டார்கள் என்று வாதிட்டார். 1992இல், அதே கருத்தைக் கொண்டிருந்த எழுத்தாளர் ழில்பேர் புரூத்தோவின் முயற்சியால் பாரிஸில் கூடிய ஒரு தன்னார்வ மன்றம் அவரை விடுவித்தது. அதற்குச் சட்ட வலிமை ஏதும் இல்லை, இடைக்கால வரலாற்றறிஞர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவும் இல்லை. ஆனால் ரைனாக்கும் புரூத்தோவும் காட்டும் ஐயங்கள் வெறும் கற்பனை அல்ல. நீதிபதி குற்றவாளியின் நிலங்களை வாங்கியிருந்தார். வாக்குமூலம் சித்திரவதைக் கருவியின் நிழலில் கிடைத்தது. ஏவலர்களின் வாக்குமூலங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போல ஒத்திருக்கின்றன. குற்றப்பத்திரிகை பதினான்கு ஆண்டுகள் என்கிறது, ழீலோ பாட்டனார் இறந்த ஆண்டில் தொடங்கியதாகச் சொல்கிறார், அது எட்டு ஆண்டுகளே ஆகிறது. நூற்று நாற்பது என்ற எண்ணை எவரும் எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை என்பது உறுதி.

ஆயினும் இந்த வாதம் ஓர் இடத்தில் தடுக்கி விழுகிறது. கோமகனும் ஆயரும் ழீலை வீழ்த்த விரும்பினார்கள் என்பது மெய்ப்பிக்கப்பட்டாலும், அதிலிருந்து அவர் கொல்லவில்லை என்பது பெறப்படாது. அவரை வீழ்த்தக் கலகக் குற்றமும் ஆலயத்தில் ஆயுதத்துடன் புகுந்த குற்றமும், அவர் வீட்டிலேயே நடந்த பேயழைப்பும் போதுமானவை. ஆடு மேய்ப்பவனின் மகனையும் தையற்காரரின் மகனையும் வழக்குக்குள் கொண்டுவர வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. பெற்றோரின் சாட்சியங்கள் பேய்களைப் பற்றியோ மந்திரங்களைப் பற்றியோ பேசுவதில்லை. மகன் எந்த நாளையொட்டிப் போனான், யாருடன் போனான், என்ன உடுத்தியிருந்தான், விசாரித்தபோது யார் என்ன சொன்னார்கள் என்பதோடு அவை நின்றுவிடுகின்றன. பெரும்பாலோர் மார்ஷல் கொன்றார் என்றுகூடச் சொல்லவில்லை, பிள்ளை திரும்பவில்லை என்று மட்டுமே சொன்னார்கள். புனைந்து சொல்லிக்கொடுத்த சாட்சி இவ்வளவு சிக்கனமாகப் பேசாது. ழீல் கொலைகாரர் என்பதும், அவருடைய நீதிபதிகள் நிலத்துக்காகக் காத்திருந்தவர்கள் என்பதும் ஒன்றையொன்று மறுக்கும் கூற்றுகள் அல்ல. பிரபுக்களுக்கு இடையே பகை முற்றும்வரை அந்தப் பெற்றோர் எட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதே இவ்வழக்கில் மன்னிக்க முடியாதது.

வழக்கின் பதிவுகளைப் பிரெஞ்சு எழுத்தாளர் ழார்ழ் பத்தாய், லத்தீன் பகுதிகளுக்குப் பியேர் குளோசோவ்ஸ்கி செய்த மொழிபெயர்ப்புடன், 1959இல் நூலாக வெளியிட்டார். அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. அந்நூலைக் கையில் எடுப்பவர்கள் மார்ஷலின் புகழ்பெற்ற வாக்குமூலத்துக்குப் போகும் முன், பெற்றோர் சொன்னவற்றை முதலில் வாசிப்பது நல்லது.